சத்தம் காட்டுதல்

எங்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. வேறெந்தத் துறையிலும் இடம் கிடைக்காதவர்கள் ஒரு வகை. இடம் கிடைத்தும் கணக்கு வராதவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேர்த்தி. 2005ஆம் வருஷம் பங்குனியில், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் உள்ளூர் வரலாறு பற்றி ஒரு ப்ராஜெக்ட் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரே கோயிலை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோயிலின் வரலாறு வாசலிலேயே புத்தகமாக விற்றதுதான் காரணம். நான் எங்கள் ஊர் ஏரோடிராமை எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணமும் ஆர்வம் இல்லை. பஸ் ஏற வேண்டியதில்லை.

ஊர் நெடும்பொட்டல். ஆமத்தூர் தாண்டி, சிவகாசிச் சாலையிலிருந்து பிரிந்து, வேலிக்கருவைக்குள் நடந்தால் வரும். யுத்த காலத்தில் பர்மா பக்கம் ஜப்பான்காரன் நெருக்கியபோது, வெள்ளைக்காரன் அவசர அவசரமாக விமானிகளைப் பழக்கி எடுக்க இடம் தேடினான். மழை பெய்யாத இடமாக, மேகம் தங்காத இடமாக, மரம் இல்லாத இடமாக, ஏன் என்று யாரும் கேட்காத இடமாக இருக்க வேண்டும். எல்லாத் தகுதியும் எங்கள் ஊருக்கு இருந்தது. அப்போது பஞ்சமும் இருந்தது. கல் சுமந்தால் அரிசி கொடுப்பார்கள் என்றதும் ஊரே கல் சுமந்தது. கரிசல் மண்ணில் ஒரு மைல் நீளத்துக்குக் காங்கிரீட் பாதை விழுந்தது. அதில் என் வயசுப் பையன்கள் வந்து விமானத்தை ஏற்றப் பழகினார்கள், இறக்கப் பழகினார்கள். காட்டில் சுண்ணாம்பால் ஒரு பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தார்களாம். அதில் குண்டு போடவும் பழகினார்கள்.

யுத்தம் முடிந்ததும் கூரைத் தகரத்தை ஏலம் விட்டார்கள். பெட்ரோல் டின்களை ஏலம் விட்டார்கள். ஓடுபாதையைச் சுருட்டிக் கொண்டுபோக முடியாததால் அதை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். ஊர் அதற்குப் பிளேன் களம் என்று பேர் வைத்தது. முதலில் மிளகாய் வத்தல் காய்ந்தது, அப்புறம் கம்பு காய்ந்தது. மழை மொத்தமாக நின்றுபோய்ப் பட்டாசுக் கம்பெனிகள் வந்த பிறகு, வெடிக்கான காகிதக் குழாய்கள் காய ஆரம்பித்தன. விருதுநகர் மாவட்டத்திலேயே குழாய் சீக்கிரம் காய்கிற ஊர் எது என்று கேட்டால் எந்த ஏஜெண்டும் எங்கள் ஊரைச் சொல்வான். ஒரு விமானப்படை விவசாயிகளுக்குச் செய்த உபகாரத்தில் இது பெரிது. அந்த விவசாயிகள் இப்போது விவசாயிகள் இல்லை என்பது வேறு விஷயம்.

இதுவரை எழுதி முடித்தபோது ப்ராஜெக்ட் நாலு பக்கம் வந்திருந்தது. அது இருபது பக்கத்துக்குக் குறையக் கூடாது. அதனால் சாமியையும் சேர்த்துக்கொண்டேன்.

பிளேன் களத்தின் மேற்குக் கோடியில் எங்கள் ஆகாசக் கருப்பன் இருக்கிறார். கோபுரம் கிடையாது. ஒரு சிமெண்டு மேடை, மேடைக்கு நடுவில் அவர். தலை மண்ணுக்குள். வெளியே தெரிவது தொடை உயரத்துக்குத் திரண்ட உடம்பும், அதன் உச்சியில் நாலு பக்கமும் விரிந்த நாலு கைகளும், கைகளைச் சுற்றி ஒரு வளையமும். முழுக்க இரும்பு. வருஷா வருஷம் கறுப்பு எனாமல் பெயிண்ட் அடித்து, வெள்ளிக் கண்ணைப் பதித்து, சிவப்புத் துண்டு கட்டிவிடுவோம். தலபுராணம் சின்னதுதான். வெள்ளைக்காரன் காலத்தில் அண்ணன் தம்பிகளாகப் பல பேர் ஆகாசத்திலிருந்து இறங்கினார்கள். தம்பிமார் எல்லோரும் கோபக்காரர்கள். இறங்கிய இடத்திலேயே பெரும் சத்தத்தோடு மறைந்துவிட்டார்கள். இவர் மட்டும் கோபத்தை உள்ளே அடக்கிக்கொண்டு, தலையைப் பூமிக்குள் விட்டுத் தவம் இருக்கிறார். உலகத்தில் எத்தனையோ தலபுராணங்கள் இருக்கின்றன. ஒரு வார்த்தைகூடப் பொய் கலக்காத தலபுராணம் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு ஒரு விசேஷ வழிபாடு உண்டு. அதற்குச் சத்தம் காட்டுதல் என்று பேர். ஊரில் பிள்ளை பிறந்தால், முதல் பங்குனிப் பொங்கலுக்குத் தூக்கிவந்து சாமியின் மடியில், அதாவது அந்த வளையத்தின் மேல் துணி விரித்து உட்கார வைப்பார்கள். மேடையைச் சுற்றி மூன்று சுற்றாகச் சரவெடி விரிப்பார்கள். பூசாரி கையைத் தூக்கியதும் கொளுத்துவார்கள். வெடித்து முடிகிறவரை தாய் பக்கத்தில் நின்று பிள்ளையைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குச் சத்தம் கேட்ட பிள்ளை பிறகு எந்தச் சத்தத்துக்கும் மிரளாது. மிரளாத பிள்ளைதான் இந்த வேலைக்கு லாயக்கு. வெயில் ஏறினால் சாமிக்கு வேர்க்கும். உடம்பின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று கசியும். அதை வழித்து வெற்றிலையில் வைத்து, பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைப்பார்கள்.

நானும் அந்த மடியில் உட்கார்ந்தவன்தான். எனக்கு அந்தப் பொட்டு வைக்கும் போட்டோ வீட்டில் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் முறை என் அக்கா பானுப்பிரியாவின் பிள்ளைக்கு. அக்காவை உள்ளூரிலேயே கொடுத்திருந்தோம், தாய்மாமன் மகன் கதிரவனுக்கு. கதிரவன் மச்சான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறார். பிள்ளை ஆவணி மாசம் பிறந்த பெண். இன்னும் பேர் வைக்கவில்லை. சத்தம் காட்டிய பிறகுதான் பேர்.

என் தாய்மாமன் சங்கிலிமுத்துதான் கருப்பனுக்குப் பூசாரி. அது வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். காலையில் கேட்டில் நின்று பெண்களின் தலையில் ஹேர்பின் இருக்கிறதா, ரவிக்கையில் ஊக்கு இருக்கிறதா, காலில் கொலுசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். இரும்பும் மருந்தும் ஒரே ரூமுக்குள் இருக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். வெடிமருந்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். தாலியில் கோத்திருந்த ஊக்குக்காகச் சொந்த மருமகளையே, என் அக்காவையே, ஒருநாள் திருப்பி அனுப்பியவர். பிள்ளை உண்டாகிற வரை அக்கா அதே கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள்.

ப்ராஜெக்டுக்கு ஒரு நிபுணர் பேட்டி வேண்டும் என்றார்கள். விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காசிராஜன் சார், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு விமானத்தில் குண்டு மாட்டுகிற பிரிவில் வேலை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனால் ஒரு யுத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வர முடியும். அதனாலேயே கூட்டம் எதிர்க் கடைக்குப் போகும். "எங்க ஊர்ல வெள்ளைக்காரன் போட்ட ரன்வே இருக்கு சார்" என்று சொன்னதுதான் தாமதம், பங்குனிப் பொங்கலன்று கடையைச் சாத்திவிட்டு என் பைக்கில் ஏறிவிட்டார்.

வழி முழுக்கப் பேச்சு. "நான் லோடு ஏத்தாத பிளேனே கிடையாது தம்பி. எந்தக் குண்டா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவேன்." ஆமத்தூர் வந்தது. "பைலட்டுன்னா என்னன்னு நினைக்கிறே? டிரைவர். அம்புட்டுதான். சரக்கு நம்ம சரக்கு." நெடும்பொட்டலுக்குப் பிரிகிற விலக்கு வந்தது. "எங்க ஆபீசர் ஒருத்தன், சர்தார்ஜி, என்னைப் பார்த்துட்டு என்ன சொன்னான் தெரியுமா..." பிளேன் களம் வந்தது. பேச்சு நிற்கவில்லை.

மேளம் கேட்டது. உறுமியும் கேட்டது. கதிரவன் மச்சான் மேடையைச் சுற்றிச் சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார். தலைப்பிள்ளை என்பதால் தாராளமாகவே வாங்கியிருந்தார். ஆயிரம் ஆயிரமாகப் பின்னி முடிச்சுப் போட்டுச் சேர்த்த பெரிய சரம். சிவப்புப் பாய் விரித்தது போல இருந்தது. மாமாவின் மனைவி, குருவம்மாள் அத்தை, பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க, புகளு கூட்டியாந்த சாரா? சாப்பிட்டீகளா? மொதல்ல சாமியக் கும்பிட்டுட்டு வாங்க, எலையைப் போடுதேன்." அத்தைக்கு நான் புகளு.

காசிராஜன் சார் செருப்பைக் கழற்றினார். சர்தார்ஜி சொன்னதைப் பாதியில் நிறுத்தினார். மேடைக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. விருதுநகரில் பைக் ஏறியதிலிருந்து அவர் வாய் மூடியது அப்போதுதான். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

"தம்பி," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "இது என்ன சாமி?"

"ஆகாசக் கருப்பன் சார்."

"எப்படி வந்தாரு?"

"மேல இருந்துதான் சார். வெள்ளைக்காரன் காலத்துல."

"கூட யாரும் வந்தாகளா?"

"தம்பிமார் வந்தாகளாம். சத்தத்தோட போயிட்டாகளாம். இவர் கோபத்தை அடக்கிட்டு உக்காந்துட்டாரு."

சார் தலையை ஆட்டிக்கொண்டார். கையைக் கும்பிட்டபடியே வைத்திருந்தார், எடுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"தேங்காய் எங்க உடைப்பீக?"

"அவர் முதுகுலதான் சார். ஓங்கி அடிச்சாத்தான் சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்."

சார் பின்னால் ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார். செருப்பு அங்கேயே கிடந்தது. என் சட்டையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"தம்பி, இது நம்ம சரக்கு."

எனக்குப் புரியவில்லை.

"பாம்லே. வெடிக்காத பாம். தலைகீழா நிக்குது. கைன்னு சொல்றீகளே, அது வால். வாலுக்கு மேல பிள்ளையை உக்கார வைக்கப் போறாகளா? சுத்தி என்ன விரிச்சிருக்கான் அந்தாளு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. அது முகத்திலேயே நின்றுவிட்டது, கீழே இறங்கவில்லை. நான் அந்த மடியில் உட்கார்ந்த போட்டோ ஞாபகம் வந்தது. எங்கள் அம்மா, அக்கா, ஊரில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் வரிசையாக ஒவ்வொரு பங்குனிக்கும் வெடிச் சத்தத்துக்கு நடுவில் அதே இடத்தில் உட்கார்ந்தவர்கள்தான் என்பது உறைத்தது. ஊக்குக்குப் பயப்படுகிற ஊர். தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் கால் வைக்காத ஊர். அறுபது வருஷமாகக் குண்டின் மேல் பிள்ளையை உட்கார வைத்துச் சுற்றிச் சரவெடி கொளுத்தி, குண்டின் முதுகில் தேங்காயும் உடைத்திருக்கிறது.

மாமாவிடம் ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டி, உடம்பெல்லாம் சந்தனத்தோடு கையில் வெற்றிலை வைத்திருந்தார். வெற்றிலையில் பழுப்பாகச் சாமியின் வேர்வை.

"மாமா, கொஞ்சம் இங்கன வாங்க. சரத்தை எடுக்கச் சொல்லுங்க."

"என்னலே? நல்ல நேரம் போகுது."

சொன்னேன். காசிராஜன் சாரும் சொன்னார். மாமா பொறுமையாகக் கேட்டார். ஃபோர்மேன்கள் இன்ஸ்பெக்டர் சொல்வதைக் கேட்கிற பொறுமை அது.

"சார், நீங்க பெரியவுக. மிலிட்டரில இருந்தீக. எல்லாம் சரி. அறுவது வருசமா வெடிக்காதது இன்னைக்கு எங்க பேத்திக்குன்னு வெடிக்குமா?"

"இம்புட்டு நாளா வெடிக்கலங்கிறது கருணை அய்யா. இன்னைக்கும் அந்தக் கருணை இருக்கான்னு யாரு கேட்டுச் சொல்றது?"

"மாமா," என்றேன். "சாமி எதால செஞ்சது?"

"இரும்பு."

"இரும்பை மருந்துப் பக்கம் விடுவீகளா?"

"ஏலே, அது கம்பெனி. இது கோயிலு. ரெண்டையும் குழப்பாதே. காலேசுல இதைத்தான் சொல்லிக் குடுக்கானா?" என்றார் மாமா. "உள்ள சாமிதான் இருக்கு. மருந்து இருந்தா எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா மருந்துலதான கை வெச்சிக்கிட்டு இருக்கேன்?"

காசிராஜன் சார் வெற்றிலையைப் பார்த்தார்.

"அது என்ன அய்யா?"

"சாமி வேர்வை."

"மோந்து பாத்திருக்கீகளா?"

மாமா வெற்றிலையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவர் மூக்கு எதையும் கண்டுபிடித்துவிடும். ஒரு ரூமுக்குள் நுழைந்ததும் கலவையில் என்ன கூடியிருக்கிறது, என்ன குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் வெற்றிலையை மூக்குக்குக் கொண்டுபோனதே இல்லை. பிரசாதத்தை யார் மோந்து பார்ப்பார்கள்?

இப்போதும் மோந்து பார்க்கவில்லை. ஆனால் வீம்பு வந்துவிட்டது. "சரி, எரிச்சுக் காட்டுதேன். எரியலன்னா ரெண்டு பேரும் சாமி கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்." புது மருந்து வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து, ஆள் இல்லாத இடத்தில் வைத்து எரித்துப் பார்ப்பது கம்பெனி வழக்கம். கொளுத்திய ஊதுபத்தி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுபாதையில் நடந்தார். பழக்கம் விடவில்லை. கூட்டத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய்த்தான் உட்கார்ந்தார்.

அவர் திரும்பி வருகிற வரை எல்லாம் அப்படியே நிற்கும் என்று நான் நினைத்தேன். நல்ல நேரம் நிற்குமா? திரும்பிப் பார்த்தபோது அத்தை பிள்ளையை வாங்கி மடியில் உட்கார வைத்துவிட்டாள். அக்கா பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருந்தாள். பிள்ளை மஞ்சள் கவுன் போட்டிருந்தது. வெள்ளிக் கண்ணைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். மேளக்காரர்கள் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார்கள். காசிராஜன் சார் கையை ஆட்டிக்கொண்டே அத்தையிடம் போனார். "இருங்க, எலை போட்டாச்சு, இந்தா முடிஞ்சிரும்" என்று அத்தை அவரை ஓரமாக நகர்த்திவிட்டாள்.

தூரத்தில் ஓடுபாதையில் மாமா குனிந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு. அப்புறம் புகை. ஊதுபத்திப் புகை போல வெள்ளையாக இல்லை. கன்னங்கரேலென்று, சரடு சரடாக, எண்ணெய்ப் பிசுக்குள்ள புகை. மாமா எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது. முதுகு தெரிந்தது.

அவர் திரும்பினார். ஓடவில்லை. மருந்து இருக்கிற இடத்தில் ஓடக் கூடாது. கத்தவும் இல்லை. வேகமாக நடந்தார். நடந்துகொண்டே வலது கையை, உள்ளங்கை வெளியே தெரிய, தலைக்கு மேல் தூக்கினார்.

பூசாரி கையைத் தூக்கினால் கொளுத்த வேண்டும். அதுதான் வழக்கம். கதிரவன் மச்சான் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். குனிந்து திரியில் ஊதுபத்தியை வைத்தார்.

பிரஸ்ஸில் வேலை பார்க்கிற மச்சானுக்கு வேறு அர்த்தம் தெரியாது. மேளக்காரர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாரணாபுரத்துக் கம்பெனியில் ஃபோர்மேன் அப்படிக் கையைத் தூக்கினால், கையில் என்ன வேலை இருந்தாலும் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வர வேண்டும். அங்கே நின்ற கூட்டத்தில் அந்தக் கையைக் கம்பெனிக் கையாகப் பார்த்தது ஒருத்திதான்.

அக்கா பிள்ளையைத் தூக்கிவிட்டாள். மேடையிலிருந்து குதித்தாள். சரம் வெடிக்க ஆரம்பித்திருந்தது. முதல் சுற்றில் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. புகைக்குள்ளிருந்து வந்தவள் பிள்ளையை என் கையில் திணித்தாள். திரும்பிப் புகைக்குள் போனாள்.

ஓடிக்கொண்டிருக்கிற சரவெடியை நிறுத்த முடியாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. மிதித்தால் நிற்காது. நெருப்புக்கு முன்னால் போய்ச் சரத்தை அறுத்துவிட வேண்டும். முறுக்கிய திரி லேசில் அறாது. ஆயிரத்துக்கு ஒரு முடிச்சு உண்டு, அங்கேதான் அறும். முடிச்சு எங்கே இருக்கும் என்று பின்னியவளுக்குத்தான் தெரியும். சின்னப் பிள்ளையிலிருந்து பின்னியவள் என் அக்கா. நெருப்புக்கு முன்னால் ஓடி, குனிந்து, தடவி, இரண்டு கையாலும் பிய்த்தாள். வரவில்லை. நெருப்பு நெருங்கியது. மறுபடி பிய்த்தாள். அவள் கைக்குப் பக்கத்திலேயே வெடித்தது. அவள் கையை எடுக்கவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் தடவை முடிச்சு விட்டது. மீதிச் சரத்தைக் காலால் உதைத்துத் தள்ளினாள்.

கடைசி வெடிகள் மேடைக்கு நாலு அடி தள்ளி வெடித்து நின்றன. மேளமும் நின்றது.

நான் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏதாவது செய்திருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. பிள்ளை என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி!" அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி சரத்தை அத்துப்புட்டாளே! பைத்தியம் புடிச்சிருச்சா ஒனக்கு? ஏலே கதிரவா, என்னலே பாத்துக்கிட்டு நிக்கே?"

மாமா வந்து சேர்ந்தார். அக்காவின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் கறுத்து, கொப்புளம் கிளம்பியிருந்தது. மேடையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, கம்பெனியில் பேசுகிற குரலில், தணிந்து சொன்னார்:

"ஒருத்தரும் ஓடாதீக. கத்தாதீக. அடுப்பை அணையுங்க. பிள்ளைகளை முன்னால விட்டு, நடந்து ஊருக்குப் போங்க."

"ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள் அத்தை.

"நடங்கங்கேன்ல."

எல்லோரும் போன பிறகு மாமா பாதையோரம் வேலிக்கருவைக்குக் கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். காசிராஜன் சார்தான் முதுகைத் தடவிக் கொடுத்தார். "நான் பொட்டு வெச்ச பிள்ளைக எம்புட்டுன்னு தெரியுமா சார்?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். "எம்புட்டுப் பிள்ளைக சார்?" சாரிடம் அதற்குக் கதை எதுவும் இல்லை.

பிறகு அரசாங்கம் வந்தது. முதலில் தலையாரி, அப்புறம் போலீஸ், அப்புறம் இந்த நிலம் யாருடையது என்று கேட்பதற்காக ஒருவர். குண்டு யாருடையது என்று அவரிடம் திருப்பிக் கேட்டார்கள். அதை மேலே எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மேடையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அபாயம் என்று காட்டச் சிவப்புக் கொடி ஒன்று வேண்டியிருந்தது. அதை மாமாவின் கம்பெனியில் இரவல் வாங்கினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முதல் நாள் சாமிக்கு முன்னால் பீடி பற்ற வைத்தார். காசிராஜன் சார் பேசிய பிறகு, பக்கத்து ஊரிலிருந்து காவல் காத்தார். நான் ப்ராஜெக்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதன்மைச் சான்றை நேரில் பார்த்தாயா என்று கேட்டார்கள். மடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மார்க் குறைத்துவிட்டார்கள்.

கடைசியில் ராணுவத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெயர்த்துத் தூக்கினால் ஆபத்து, இருக்கிற இடத்திலேயே வெடிக்க வைப்பது ஒன்றுதான் வழி என்றார்கள். மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். அடுக்கி முடிக்கும்வரை மாமா கயிற்றுக்கு வெளியே நின்றார். ஒரே ஒரு தடவை, உள்ளே போய்ச் சிவப்புத் துண்டையும் வெள்ளிக் கண்ணையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இந்தியில் வேண்டாம் என்றார்கள்.

ஊர் மொத்தத்தையும் லாரியில் ஏற்றி ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். வகுப்பறைக்கு நாலு குடும்பம். எங்களுக்கு மூன்றாம் வகுப்பு பி பிரிவு. சுவரில் பூனை, நாய், யானை எல்லாம் வரைந்திருந்தது. மாமா ஜன்னலுக்குப் பக்கத்தில் சின்ன பெஞ்சில் முழங்காலைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு அவர் கம்பெனிக்குப் போகவில்லை.

"எப்பலே வெடிக்கப் போறானாம்?" என்றாள் அத்தை.

"சங்கு ஊதுவாகளாம் அத்தை."

"நம்ம ஊருக்கே வெடி வெக்கச் சொல்லிக் குடுக்க வந்துட்டாக," என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு எங்கும் பரவவில்லை.

அக்கா கரும்பலகைக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தொடை மேல் படுத்திருந்தது. அக்காவின் இரண்டு கையிலும் கட்டு. மணிக்கட்டு வரை வெள்ளையாகச் சுற்றியிருந்தது. விரல்நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்த விரல்களால் இனி முன்போலப் பின்ன முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னபோது அக்கா சரி என்று மட்டும் சொன்னாள். மச்சான்தான் அழுதார்.

அத்தை நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேத்தியின் காலைத் தடவிக்கொண்டே, யாருக்கும் கேட்காதது போலச் சொன்னாள்:

"நடந்தது நடந்துபோச்சு. மடில உக்காரத்தான் குடுத்து வெக்கல. இன்னைக்கு அவரு போற சத்தமாச்சும் பிள்ளை காதுல விளட்டும். சன்னல் பக்கம் தூக்கிட்டு வா."

அக்கா அசையவில்லை.

தூரத்தில் அபாயச் சங்கு ஊதியது. பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு நின்றது. வெடியோடு பிறந்து வெடியோடு வளர்ந்த ஜனம். எந்தத் திசையில் வெடித்தாலும் எந்தக் கம்பெனி என்று சொல்கிற ஜனம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா கட்டுப் போட்ட கைகள் இரண்டையும் எடுத்து, பிள்ளையின் காதுகளில் வைத்து மூடினாள்.

"ஏட்டி, என்ன செய்யுதே?" அத்தை பதறினாள். "நம்ம ஊர்ல ஒருத்தியும் பிள்ளை காதைப் பொத்துனதில்ல. கையை எடு. பளகட்டும்."

"வேண்டாம்த்தை."

"பளகாம எப்படிட்டி வேலைக்குப் போவா?"

அக்கா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். கோபமில்லை. காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அத்தை உதவிக்கு மாமாவைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்க."

மாமா ஜன்னலை விட்டு எழுந்து வந்தார். குனிந்தார். அக்காவின் கட்டுக்கும் பிள்ளையின் கன்னத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. தன் துண்டை உருவி, மடித்து, அந்த இடைவெளியில் வைத்து அடைத்தார்.

தரை அதிர்ந்தது. ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கரும்பலகையிலிருந்து சாக்பீஸ் தூள் எங்கள் மேல் கொட்டியது. அறையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு நடுங்கினோம்.